தங்கையின் டெபாசிட்டுக்கு அண்ணன் நடத்திய விசாரணை

அன்புத் தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலம் என்றும், வண்டி நலம் என்றும், அதில் ஓட்டப் பழகுகிறவர்கள் எல்லாரும் இதுவரை முழுசாகவே இறங்கியிருக்கிறார்கள் என்றும் நம்பி அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம்.

முதலில் புதிய செய்தி. இன்று, புதன்கிழமை காலை நிலவரப்படி, உன் அண்ணனுக்கு மூன்று ஆன்லைன் வங்கிகளில் கணக்கு இருக்கிறது. உனக்கு ஒன்றில்கூட இல்லை. முதல் தகவலுக்கு ஆதாரம், என் போனுக்கு வந்த மூன்று குறுஞ்செய்திகள். இரண்டாவதற்கு ஆதாரம், உன் அண்ணி. நேற்று மாலை காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம், “உன் நாத்தனார் எங்கேயாவது கணக்குத் திறந்துட்டாளா?” என்று கேட்டேன். “நீங்க சொல்லாம அவ எங்கே திறக்கப் போறா?” என்றாள். நிமிராமல்தான் சொன்னாள். ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

ஒரு வங்கியின் பெயரைச் சொல்ல இவ்வளவு நாளா என்று நீ கேட்பாய். போனில் சொல்லலாம்தான். ஆனால் உன்னிடம் போனில் எதையும் முழுசாகச் சொல்லி முடிக்க முடிவதில்லை. இந்த வேலையை நீ என்னிடம் ஒப்படைத்த அன்றே பார். “அண்ணா, நீ பேப்பர்ல இருந்தவன். விசாரிக்கத் தெரிஞ்சவன். எனக்கு ஒரு நல்ல ஆன்லைன் பேங்க் பார்த்துச் சொல்லேன். பழைய பேங்க்ல இருக்கற டெபாசிட் அடுத்த வெள்ளிக்கிழமை முடியுது. அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எடுக்கலைன்னா அதுவாவே இன்னும் மூணு வருஷத்துக்குப் பூட்டிக்கும். அப்புறம் ரெண்டாவது வண்டி கனவுதான். கிளட்ச்! கிளட்ச்சை மிதி! ஐயோ, அது பிரேக்கு! உன்னைச் சொல்லலண்ணா.” அதோடு போன் நின்றுவிட்டது. வண்டியும் நின்றிருக்கும். ஆகவே, இது எழுத்தில்.

உன் தேவையை நான் சரியாகவே குறித்துக்கொண்டேன். பணம் பத்திரமாக இருக்க வேண்டும். சும்மா கிடக்காமல் கொஞ்சம் வளர வேண்டும். நல்ல வண்டி ஒன்று கண்ணில் பட்டால் அன்றே எடுக்கவும் முடிய வேண்டும். நீ ஒற்றை வண்டியை வைத்துக்கொண்டு காலையிலிருந்து இருட்டும்வரை ஒவ்வொருவராக ஏற்றி ஓட்டக் கற்றுக்கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் மூன்று வருஷம் அதே பாடு என்பது உன் முதுகுக்கு ஆகாது. அதனால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

விளம்பரங்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். எல்லா வங்கியும் வட்டி எவ்வளவு என்பதைப் பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் ‘வரை’ என்று எறும்பு அளவில் போடுகிறது. நான் வேறு வழி வைத்திருந்தேன். வெளியூருக்குச் செய்தி சேகரிக்கப் போகும் காலத்தில், எந்த ஹோட்டலில் சாப்பிடலாம் என்று யாரையும் கேட்க மாட்டேன். ஹோட்டல் சமையல்காரரைப் பிடித்து, ‘நீங்க எங்கே சாப்பிடுவீங்க?’ என்று கேட்பேன். இத்தனை வருஷத்தில் வயிறு ஒரு முறைகூடக் கெட்டதில்லை. அதே முறைதான் இங்கும். வங்கி ஊழியர் தன் சொந்தச் சேமிப்பை எங்கே வைத்திருக்கிறார்? அது தெரிந்தால் போதும்.

சிக்கல் என்னவென்றால், ஆன்லைன் வங்கியில் ஊழியரை எங்கே போய்ப் பிடிப்பது? வாசல் இல்லை, கவுண்டர் இல்லை, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி இல்லை. விசாரித்ததில், கணக்குத் திறக்கும்போது மட்டும் ஒரு ஆள் வீடியோவில் வந்து நம் முகத்தையும் அடையாள அட்டையையும் சரிபார்ப்பார் என்று தெரிந்தது. அப்படியானால் விண்ணப்பிக்க வேண்டியதுதான். “கேள்வி கேக்கறதுக்காகக் கணக்குத் திறக்கற மனுஷன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்” என்றாள் உன் அண்ணி. நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு, சவரம் செய்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தேன். இடுப்புக்குக் கீழே என்ன கட்டியிருந்தேன் என்பது இந்தச் செய்திக்குத் தேவையில்லை.

வங்கிகளின் பெயர் உன்னைக் குழப்பும் என்பதால் அவற்றின் ஆப் என்ன நிறமோ அதையே சொல்கிறேன். முதலில் பச்சை. காதை மூடிய ஹெட்ஃபோனுடன் ஒரு பெண் வந்தார். “சார், கார்டை முகத்துக்குப் பக்கத்துல பிடிங்க.” பிடித்தேன். “கண்ணைச் சிமிட்டுங்க சார்.” “சிமிட்டறேம்மா. உங்க சேமிப்பை நீங்க எந்த பேங்க்ல வச்சிருக்கீங்க?” இப்போது சிமிட்டியது அந்தப் பெண். “சார், இது ரெக்கார்ட் ஆகுது. தலையை இடது பக்கம் திருப்புங்க.” திருப்பினேன். அங்கே கதவோரம் நின்று உன் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து, ரெக்கார்டிங் நின்றுவிட்டது என்று அந்தப் பெண்ணே சொன்ன பிறகு, “என் அப்பா மாதிரி கேக்கறீங்க, அதனால சொல்றேன். ஊதாவுல சார்” என்று சொல்லிவிட்டு மறைந்தார். பச்சையில் வேலை, ஊதாவில் சேமிப்பு! நான் எழுந்தே நின்றுவிட்டேன். நல்ல வேளை, வீடியோ அணைந்திருந்தது.

மறுநாள் ஊதா. அதே சட்டை, மறுபடி இஸ்திரி. அந்த ஆப் கணக்குத் திறப்பதோடு விடுவதாக இல்லை. முதலீடு செய்யும் துணிச்சல் எனக்கு எவ்வளவு என்று பரீட்சை வைத்தது. ‘சந்தை திடீரென்று விழுந்தால் என்ன செய்வீர்கள்? விற்பேன், காத்திருப்பேன், இன்னும் வாங்குவேன்.’ நான் செய்யக்கூடியது அதில் இல்லை. விழுந்தது என்று யார் சொன்னது என்று கேட்பேன். எதையாவது தொடாமல் அடுத்த பக்கம் வராது என்பதால் கடைசியைத் தொட்டேன். ‘நீங்கள் துணிச்சலான முதலீட்டாளர்’ என்று எழுதி, பக்கத்தில் மலை ஏறும் ஒரு ஆளின் படத்தையும் போட்டது. அதை உன் அண்ணியிடம் காட்டியது என் தப்பு. “கரண்ட் போனா பக்கத்து ரூமுக்குத் தனியா போக மாட்டாரு, இவரு துணிச்சலாம்!” என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்தாள். உனக்கும் யாராவது அந்தப் பரீட்சையை வைத்தால் காத்திருப்பேன் என்பதைத் தொடு. வண்டி வாங்க வைத்திருக்கும் பணத்தோடு யாரும் மலை ஏறக் கூடாது. பிறகு வீடியோவில் ஒரு தாடிக்காரப் பையன் வந்தான். ரெக்கார்டிங் நின்றதும் கேட்டேன். “ஆரஞ்சுல சார். ஏன், உங்களுக்கும் அங்கே வேணுமா?” என்று சாதாரணமாகக் கேட்டான்.

ஆரஞ்சில் வந்தவர் கண்ணாடிக்குச் சங்கிலி போட்ட ஒரு அம்மா. ரெக்கார்டிங் நிற்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. “பச்சையில, பதினோரு வருஷமா” என்றார். வட்டம் முடிந்துவிட்டது. பச்சைக்காரர் ஊதாவில், ஊதாக்காரர் ஆரஞ்சில், ஆரஞ்சுக்காரர் பச்சையில். எந்தச் சமையல்காரரும் தன் ஹோட்டலில் சாப்பிடவில்லை! முதல் பக்கத்துச் செய்தி, தங்கச்சி. எனக்குக் கை பரபரத்தது. அப்போதே உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆன்லைன் வங்கி எதுவும் வேண்டாம், பணம் பழைய இடத்திலேயே மூன்று வருஷம் பூட்டிக் கிடக்கட்டும், இரண்டாவது வண்டியை மறந்துவிடு என்று எழுதி, உன் அண்ணிக்கு உரக்கப் படித்தும் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டவள், “அதெல்லாம் சரிங்க. ஏன்னு கேட்டீங்களா?” என்றாள்.

“எதை?”

“ஏன் சொந்த பேங்க்ல வைக்கலைன்னு.”

யார், எங்கே, எப்போது என்று எல்லாம் என்னிடம் இருந்தது. ஏன் மட்டும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரப் பையன் இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் நான் காகிதத்தைத் திருப்பி எறிந்திருப்பேன். எழுதியதைக் கிழித்துவிட்டு மூன்று இடத்துக்கும் முயன்றேன். பச்சையில் போனை எடுத்தது இயந்திரம். ஒரே பாட்டைப் போட்டு, என் அழைப்பு முக்கியமானது என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தது. ஊதாவில் பேச்சே கிடையாது, டைப் அடிக்க வேண்டும். ‘உங்கள் கவலை புரிகிறது’ என்று பதில் வந்தது. என் கவலை என்ன என்று திருப்பிக் கேட்டேன், மௌனம். ஆரஞ்சில் மட்டும் மனுஷக் குரல், அதுவும் சங்கிலிக் கண்ணாடி அம்மாவின் குரல். “அட, நீங்களா! அதுக்கு என்ன சார், எங்க பேங்க்லயே கணக்கு வச்சா, கூட வேலை செய்யறவங்க எட்டிப் பார்த்துடறாங்க. எனக்கு போனஸ் விழுந்த அன்னைக்கே பக்கத்து சீட்டு கடன் கேட்டு வந்துது. அதான் பணத்தைப் பக்கத்து வீட்டுல ஒளிச்சு வச்சிருக்கோம். பேங்க் மேல குறை ஒண்ணும் இல்ல.” ஒருவர் சொன்னால் போதாது என்பதால் ஊதாவில் விடாமல் டைப் அடித்து, இயந்திரம் களைத்துப்போய் ஒரு ஆளைக் கொண்டுவந்து விட்டதும், அவரிடமும் கேட்டேன். ‘ஆமாம் சார், எங்கள் டீம் லீடரும் பார்ப்பார்’ என்று எழுதினார்.

ஆக, மூன்றும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. மூன்றிலும் டெபாசிட்டுக்கு அரசாங்கக் காப்பீடு உண்டு. வட்டியில் பெரிய வித்தியாசம் இல்லை. வேண்டும்போது எடுக்கலாம். மிச்சம் இருப்பது, கூப்பிட்டால் மனுஷர் எடுக்கிறாரா என்பதுதான். எடுப்பது ஆரஞ்சு. என் தீர்ப்பு அதுவே. இந்தக் கடிதம் கிடைத்ததும் ஆரஞ்சில் கணக்குத் திற. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பழைய வங்கியிலிருந்து பணத்தை மாற்று. தலையைத் திருப்பச் சொன்னால் திருப்பு, அந்த அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் புது வண்டி சீக்கிரம் வரட்டும். அதில் ஏறுகிற ஒவ்வொருவரும் பிரேக் எது, கிளட்ச் எது என்று தெரிந்துகொண்டே இறங்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அண்ணி வந்தாள். “தபால் எப்போ போய்ச் சேரும்?” “சனிக்கிழமை.” “டெபாசிட் எப்போ முடியுது?” “வெள்ளிக்கிழமை” என்றேன். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது போலும். “பதறாதீங்க. பழைய பேங்க்ல பணத்தை எடுக்கறதுக்கு உங்க தங்கச்சி எழுதிக் குடுத்துட்டா. புதுக் கணக்கு போன வாரமே திறந்துட்டா. பச்சையில.” பச்சையா, ஏன் என்று கேட்டேன். இந்த முறை மறக்கவில்லை. “ஆப்ல எழுத்து பெருசா இருக்காம். கண்ணாடி இல்லாமலே படிக்க முடியுதாம்.” எழுத்தை வைத்தே பிழைத்தவன் நான். எழுத்தின் அளவைப் பார்க்கத் தோன்றவில்லை. “அப்புறம் ஏன் என்கிட்ட மறைச்சீங்க?” என்றேன். “ரிட்டயர் ஆனதுக்கப்புறம் இந்த வாரம்தாங்க நீங்க குளிச்சு, சவரம் பண்ணி, சட்டைக்கு இஸ்திரி போட்டு உக்காந்தீங்க. அதை ஏன் கெடுக்கணும்னு நாங்க ரெண்டு பேரும்தான் பேசி வச்சோம்.”

ஆகவே இக்கடிதத்தின் தொடக்கத்தில் உள்ள, உனக்குக் கணக்கு இல்லை என்ற இரண்டாவது செய்தி திரும்பப் பெறப்படுகிறது. ஆனால் புதிய செய்தியைச் சொன்னவரும் அதே ஆள்தான். நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்கிறவர். இன்னொரு இடத்திலிருந்து உறுதியாகாமல் நான் எதையும் ஏற்பதற்கில்லை. அந்த இன்னொரு இடம் நீ. பணம் வந்து சேர்ந்ததா என்பதை, ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் யாரும் ஓட்டப் பழகாத நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டுச் சொல். வீடியோவில் வந்தாலும் சரி. சட்டை தயாராக இருக்கிறது.