வாத்தியார் வீட்டு அழைப்பு மணி

வாத்தியார் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினால் கொட்டாவி விடுகிற சத்தம்தான் வரும். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, வந்தவர்கள் எல்லாரும் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நேற்று மகளே மத்தியான வெயிலில் கால் கடுக்க நின்றாள். உள்ளே அப்பா நல்ல தூக்கம்.

"உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா யாருக்குப்பா தெரியும்? இன்னைக்குள்ள மணி சரியாகலைன்னா வீட்டைப் பூட்டிட்டு என்னோட வர்றீங்க."

வாத்தியாருக்குப் பகீரென்றது. மனைவி புழங்கிய வீடு இது ஒன்றுதான். இதை விட்டு எங்கே போவது? மின்சாரப் பாடம் நடத்தியே தலை நரைத்தவருக்கு ஒரு மணி எம்மாத்திரம்! கதவோரம் கிடந்த மனைவியின் நாற்காலியில் ஏறினார். மத்தியானம் முழுக்க அவள் அதில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். வாட்ச்மேன் வேலைக்குச் சம்பளம் உண்டா என்று அவர் கிண்டலடிப்பார்.

"காந்தத்துக்கும் தடை உண்டும்மா. ரிலக்டன்ஸ். ஒரு வெபர் காந்தப் பாயத்துக்கு எத்தனை ஆம்பியர்-சுற்று வேணும்கிறதுதான் அதோட அலகு. தடை ஜாஸ்தின்னா, சுருள்ல கம்பிச் சுத்தை ஏத்திட்டாப் போச்சு."

ஏற்றினார். கொட்டாவியும் நின்றுபோனது. சுற்று கூடியதில் மின்னோட்டம் குறைந்துவிட்டதாம், மின்னழுத்தத்தைக் கூட்டினார். சுருள் புகைந்தது, ஃபியூஸ் போயிற்று, வீட்டு ஃபேனெல்லாம் நின்றது. மகள் பெட்டியை இறக்கி அவர் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஃபியூஸைப் போட்டு, பழைய அளவிலேயே வேறு சுருள் சுற்றி மாட்டும்போதுதான் கவனித்தார். காந்த இரும்புக்கும் அது இழுக்கவேண்டிய தகட்டுக்கும் நடுவே, நாலாக மடித்த துணி ஒன்று செருகியிருந்தது. தகடு கிட்டவே வரமுடியாமல் இடைவெளி. தடை முழுக்க அங்கேதான். பரீட்சையில் காற்றிடைவெளியைக் கணக்கில் சேர்க்காத பிள்ளைகளுக்கெல்லாம் முட்டை மார்க் போட்ட மனிதர் அவர்.

துணியை உருவினார். மணி தெருவுக்கே கேட்டது.

எந்த மடையன் செய்த வேலையோ என்று சிரித்தார். மகளும் சிரித்துவிட்டுச் சட்டைகளை அலமாரியில் திரும்ப வைத்தாள்.

சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டுப் பெண், அவர் கையிலிருந்த துணியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அது அக்கா வச்சது சார். மணி அடிச்சா உங்க மத்தியானத் தூக்கம் கெட்டுடும்னு அதைச் செருகிட்டு, யாராச்சும் வந்தா தெரியணுமேன்னுதான் தினமும் அந்த நாற்காலியில உக்காந்திருந்தாங்க."