நாரை நொண்டிய விவகாரம்

பெருமதிப்பிற்குரிய இயக்குநர் இசோகாய் மினே அவர்களுக்கு,

மழை பிடித்துப் பதினைந்து நாளாகிறது. எங்கள் வீட்டில் தலையணை உறைகூடக் காயவில்லை. தாங்களும் தங்கள் குழுவினரும் சளி, இருமல் அண்டாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். தாங்கள் என்னை அறியமாட்டீர்கள்; அறிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் என் எழுத்தை அறிவீர்கள். இணையத்தில் 'நாரைக் காவலன்' என்ற பெயரில் தங்களை இருபத்திமூன்று பதிவுகளில் திட்டியவன் அடியேன்தான்.

'இரும்பு நாரையை நொண்ட வைத்த புண்ணியவதியே' என்று தொடங்கும் பதிவு நினைவிருக்கும். முப்பத்தோராயிரம் பேர் அதற்கு இதயம் போட்டார்கள். அது தவறு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனாலும் நடை நன்றாக வந்திருந்தது என்பதைத் தாங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

முகமூடி வீரன் இரும்பு நாரை தொலைக்காட்சியில் முதன்முதலாகப் பறந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. இந்த முப்பத்துமூன்று வருஷத்தில் ஒரு ஞாயிறு காலையைக்கூடத் தவறவிட்டதில்லை. என் கல்யாணத்தையே அதற்காகச் சனிக்கிழமைக்கு மாற்றினோம். முகத்தைக் காட்டி நடித்தவர்கள் ஏழு பேர் மாறிவிட்டார்கள், முகமூடிக்குள் இருந்து குதித்துப் புரண்டு அடிவாங்கியவர் மட்டும் அன்றும் இன்றும் ஒரே ஆள், நுமாதா. ஊரெல்லாம் முகத்தைப் பார்க்கும், எங்களைப் போன்றவர்கள் நடையைப் பார்ப்போம். நுமாதா நாலடி வைத்தால் போதும், அவர்தான் என்று அடித்துச் சொல்லிவிடுவேன். இந்தப் பெருமையோடுதான் தங்கள் நாரைப் படத்தின் முதல் நாள் காலைக் காட்சிக்குப் போய் நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டாம் பாதியில் பார்த்தால் நாரை வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறது, மாடியிலிருந்து குதிக்க வேண்டிய இடத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. இது நுமாதாவே இல்லை, யாரோ கத்துக்குட்டியை உள்ளே திணித்து எங்கள் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று முடிவுகட்டினேன். அந்தக் கோபத்தில் செய்த காரியத்தை எழுதக் கை கூசுகிறது. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே எழுந்து வெளியே போய்விட்டேன்.

விளக்குப் போடுவதற்கு முன்பே போய்விட்டேன். கைக்குழந்தையோடு வந்த பெண்கூடக் கடைசிப் பெயருக்காக அசையாமல் காத்திருக்க, வரிசையில் இருந்த அத்தனை முழங்கால்களையும் இடித்துக்கொண்டு வெளியேறியவன் நான் ஒருவன்தான். தங்களைத் திட்டியதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். இதை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

என் மனைவி நோபுயோவுக்கு நாரையில் அக்கறை கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை தங்கையின் தொந்தரவு தாங்காமல் படத்துக்குப் போனவள், கண் சிவந்து திரும்பி வந்தாள்.

"ஏங்க, அந்த மனுஷன் முகமூடியைக் கழட்டினப்போ நீங்களும் அழுதீங்கதானே?"

"எந்த மனுஷன்?"

"உங்க நுமாதாதான். பேரெல்லாம் ஓடி முடிஞ்சதும் முட்டியில கட்டோட வந்து நிக்கிறாரே. அறுபத்திரண்டு வயசாம். கம்பெனி சின்ன ஆளாப் போடுன்னுச்சாம், டைரக்டரம்மாதான் இவரு இல்லாட்டி நாரையே இல்லன்னு நின்னாங்களாம். அங்க விக்கிற புத்தகத்துல போட்டிருக்கு."

நான் அவள் கையிலிருந்த ஈரக்குடையை வாங்கி மடக்கத் தொடங்கினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேரு ஓடறப்பவே எந்திரிச்சு வந்துட்டீங்களா?"

"அவசரமா ஒண்ணுக்கு வந்துச்சு."

"எங்க அண்ணன் கல்யாணத்துல மூணு பீர் குடிச்சிட்டு நாலு மணி நேரம் அசையாம இருந்தவரு நீங்க. யாருகிட்ட கதை விடறீங்க?"

மறுநாளே போய் முழுதாகப் பார்த்தேன். முகமூடியைக் கழற்றிய நுமாதாவின் தலைமுடி வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. அவர் குனிந்து வணங்கியபோது நானும் இருக்கையிலேயே குனிந்தேன், முன்வரிசைக்காரர் தலையில் இடித்துக்கொண்டேன், அவரும் அழுதுகொண்டிருந்ததால் சண்டை வரவில்லை. எங்களுக்காக விழுந்து விழுந்து தேய்ந்த கால் அது. அந்தக் காலை மறைக்காமல், அதையும் நாரையின் வீரமாக ஆக்கிக் காட்டியிருக்கிறீர்கள். முப்பத்துமூன்று வருஷமாக இந்தப் பறவையின் பின்னால் சுற்றியதற்கு என் நெஞ்சு அன்றுபோல் என்றும் நிமிர்ந்ததில்லை. வெளியே வந்து வார இதழைப் புரட்டினால் தங்கள் பேட்டி: 'ரசிகர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை, நாரையைத் தொட எனக்கு உரிமையில்லை, அடுத்த படத்தை வேறு யாராவது எடுக்கட்டும்.' அந்த உரிமை விஷயம் என் 'புண்ணியவதி' பதிவின் மூன்றாவது வரி அம்மா. நான் எழுதியது.

இருபத்திமூன்றையும் அழித்துவிட்டேன். பெயர் ஓடும்போதே எழுந்து போனதையும் சேர்த்து இருபத்திநாலாவது ஒன்று எழுதினேன். அதற்கு விழுந்த இதயம் ஒன்பது, அதில் ஒன்று நோபுயோ போட்டது. தயவுசெய்து அடுத்த நாரையையும் தாங்களே எடுக்க வேண்டும். நாம் சந்திக்கப்போவதில்லை, ஆகவே முகதாட்சண்யத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

தங்கள் கைக்கும் கண்ணுக்கும் குறைவில்லாத ஆயுளும், நுமாதா அவர்களின் முட்டிக்குச் சுகமும் வேண்டி,

தங்கள் பணிவுள்ள,
நாரைக் காவலன்

பின்குறிப்பு: நோபுயோ இதைப் படித்துவிட்டு, "மன்னிப்பு கேக்கறவரு மொட்டைக் கடுதாசியா போடுவாரு? அந்தப் பொண்ணு வாராவாரம் நம்ம கடைக்கு வந்துட்டிருந்துச்சு" என்றாள். தாங்கள் என்னை நன்றாக அறிவீர்கள். ஸ்டூடியோவின் பின்வாசலுக்கு எதிரே சாப்பாட்டுப் பெட்டி விற்கும் கிதாமி தமோத்சு நான்தான். வியாழன்தோறும் சுட்ட கானாங்கெளுத்தி வாங்குவீர்கள். படம் வந்த வாரம் "மாஸ்டர், படம் பாத்தீங்களா?" என்று கேட்டீர்கள். "இன்னும் இல்லம்மா, கடையை விட்டு நகர முடியல" என்றேன். அதற்குள் பதினோரு பதிவு போட்டிருந்தேன். "பாக்காதீங்க, எல்லாரும் திட்டறாங்க" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டீர்கள். மனசு கேட்காமல் ஒரு முட்டைச் சுருள் அதிகமாக வைத்தேன், அதற்கு இரண்டு தடவை நன்றி சொன்னீர்கள். அதற்கப்புறம் தாங்கள் கடைப்பக்கமே வரவில்லை. வருகிற வியாழன் மதியம், கூட்டம் நிற்கும் நேரமாகப் பார்த்து வாருங்கள். எல்லார் முன்னாலும் என்னை வாய்க்கு வந்தபடி திட்டுங்கள். திட்டி முடித்ததும், இந்தப் படத்தை எடுத்தது எங்கள் கடையில் சாப்பிடும் பொண்ணுதான் என்று வரிசையில் நிற்பவர்களிடம் சொல்லிக்கொள்ள மட்டும் எனக்கு அனுமதி கொடுங்கள்.