ஒரு தும்மல்கூடக் கேட்கவிடாத கேசட்

தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும், ஒரே ஒரு கேசட்டால் அத்தனை பேரையும் பகைத்துக்கொண்டவர் எங்கள் மைக்செட் அண்ணாச்சி ஒருவர்தான். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

சீசனுக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருவன் குற்றாலத்து லாட்ஜில் விட்டுப்போன கேசட் அது. லாட்ஜ் வாட்ச்மேன் அதை அண்ணாச்சியிடம் கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் நாலு மொட்டைத் தலை. திருச்செந்தூரில் முடி இறக்கிவிட்டு நேரே ஸ்டூடியோவுக்குப் போனவர்கள் மாதிரி இருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு பாட்டு, எல்லாமே டிரம்ஸ் அடியும் கத்தலும்தான். சூடான டீ ஆறுவதற்குள் பன்னிரண்டும் முடிந்துவிடும்.

ஊருக்கு அது தகரக் கொட்டகைக்குள் மாட்டிக்கொண்ட ஆட்டு மந்தை. அண்ணாச்சிக்கு அது ஐந்தருவி.

"அருவிக்கு அடியில தலையக் குடுத்தா ராகம் போட்டா பாடுத? 'ஆ'ன்னு கத்துதல்லா? அதத்தான் அவன் பாட்டா வச்சிருக்கான். துளி பொய் கிடையாது."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான். காலேஜில் வேறு சேர்ந்திருந்தேன். விடுவாரா?

"ஏலே, இங்கிலீசு படிக்கியே, என்னதான் சொல்லுதான்?"

குடும்ப மானமாயிற்றே. மூன்று நாள் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். ஒரே ஒரு சொல் பிடிபட்டது.

"மாட்டேங்கான், அண்ணாச்சி."

"எத மாட்டேங்கான்?"

"எல்லாத்தையும்."

"அப்ப நல்ல பயதான்!"

ஒரு விசேஷ வீட்டிலாவது அதை முழுசாகப் போடவேண்டும், ஒரே ஒருத்தராவது 'நல்லாயிருக்கு' என்று சொல்லவேண்டும். இவ்வளவுதான் அவர் ஆசை. சடங்கு வீட்டில் முதல் பாட்டிலேயே ஒயரைப் பிடுங்கினார்கள். காதுகுத்து வீட்டில் ஆசாரி ஊசியைத் தவறவிட்டார்.

அப்புறம் குத்துக்கல்வலசையில் என் அக்கா கல்யாணம். "அந்தக் கேசட்டு பந்தலுக்குள்ள வந்துதுன்னா, உம்மப் பந்தக்கால்ல கட்டிப்போடுவேன் வே" என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

முகூர்த்தம் முடியப் பத்து நிமிஷம் இருக்கிறது, மேளக்காரர்களைக் காணோம். அவர்கள் வேன் புளியங்குடியில் எலுமிச்சை லாரிகளுக்கு நடுவே சிக்கியிருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. அண்ணாச்சியிடம் இருந்த மேளக் கேசட்டைப் போட்டால், ரெக்கார்டர் நாடாவை மென்று தின்றுவிட்டது.

கெட்டிமேளம் இல்லாமல் தாலியா? அந்த நேரத்தில் ஒரு தும்மல் காதில் விழுந்தாலும் அபசகுனம். மாப்பிள்ளையின் பெரியப்பாவோ மூக்குப்பொடிக்காரர். மூக்கு அப்போதே துடித்துக்கொண்டிருந்தது.

"மேளச் சத்தம் கேக்காம எம் பிள்ள தாலி கட்ட மாட்டான்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

அப்பா அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி சட்டைப்பையைத் தொட்டார்.

"போட்டுத் தொலையும் வே!"

நாலு ஹாரன் ஸ்பீக்கரும் ஒன்றாக வெடித்தன. எந்தத் தவிலும் ஓடியிராத ஓட்டம். பந்தலில் உட்கார்ந்திருந்த காக்கைகள் தென்காசிக் கோபுரத்துக்கே குடிமாறிப் போயின. மாப்பிள்ளை பயந்த பயத்தில் மூன்று முடிச்சும் ஒரே மூச்சில் விழுந்தன. பெரியப்பாவின் தலை ஆறு தடவை முன்னும் பின்னும் போய்வந்ததைப் பந்தலே பார்த்தது. ஒரு தும்மல்கூட ஒருத்தர் காதிலும் விழவில்லை. அக்கா தாலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அண்ணாச்சி அணைக்கப் போனார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓடட்டும் வே. நல்லாத்தான் இருக்கு."

பன்னிரண்டு பாட்டும் ஓடி முடியும்வரை அண்ணாச்சி யார் முகத்தையும் பார்க்கவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் எத்தனையோ கல்யாணம் பார்த்துவிட்டேன். அசல் கெட்டிமேளம் எனக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்கிறது, அண்ணாச்சி.