எந்த நாட்டுக் கொசு?

நாட்டுக்காக உயிர்விட்டவரை நினைவுகூர்வது மக்களின் தலையாய கடமை. குன்னம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் அந்தக் கடமையை நிதானமாகச் செய்தது.

என் அண்ணன் காசிநாதன் பட்டாளத்துக்காரர். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையின்போது கிழக்கு எல்லையில் இருந்தார். மலேரியா வந்து முகாமிலேயே போய்ச் சேர்ந்தார். அண்ணி கொளஞ்சியம்மாள் ஐம்பது வருஷமாகக் கேட்டது ஒன்றுதான். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கல்; அதில் அவர் பேர். தான் கண்ணை மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

டவுன் ஆபீஸுக்கு அழைத்துப் போனேன். திருமுருகன் என்றொரு அதிகாரி. பண்பானவர். உட்காரச் சொல்லிவிட்டு எங்களை மறந்துபோனார். சாயங்காலம் நினைவு வந்தது.

"குண்டு எங்கம்மா பட்டுச்சு?"

"குண்டு படலீங்க. கொசு கடிச்சுச்சு."

பேனாவை மூடி வைத்தார். வெகுநேரம் யோசித்தார்.

"எந்த நாட்டுக் கொசு?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அதிகாரி பொறுமையாக விளக்கினார். எதிரி நாட்டுக் கொசு என்றால் அது தாக்குதல், வீரமரணம். நம் நாட்டுக் கொசு என்றால் வெறும் சாவு; கல்லில் பேர் போட விதி இல்லை. கொசு எந்தப் பக்கமிருந்து பறந்து வந்தது என்று கண்ணால் பார்த்தவர் இருந்தால் கூட்டி வரலாம்.

"பாத்தவரு அவரு ஒருத்தருதாங்க" என்றார் அண்ணி.

ஆனாலும் திருமுருகன் இரக்கமுள்ளவர். கொசுவால் இறந்தவர் கொசு ஒழிப்புப் பிரிவுக்கே உரியவர் என்று குறிப்பெழுதி, ஃபைலை அங்கே தள்ளினார். அங்கே விழிப்புணர்வுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வசமாக மாட்டினார்.

கல் கேட்டோம், நீரூற்றே வந்தது. இப்போதெல்லாம் அதுதான் மோஸ்தராம். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சிமெண்டுக் கொசு. கீழே பளிங்கில் திறந்து வைத்தவர் பேர், முன்னிலை வகித்தவர் பேர், காண்ட்ராக்டர் பேர். தங்க எழுத்தில் 'அனாபிலஸ்' என்று கொசுவின் பேர். அண்ணன் பேரைக் காணோம்.

"அவர் பேருக்கு விதி இல்லீங்க. கொசு பேருக்குத் தடை இல்லை" என்றார் திருமுருகன்.

திறப்பு விழாவில் துப்பாக்கி முழங்கவில்லை. கொசுப்புகை மெஷின் முழங்கியது. இருமிக்கொண்டே அஞ்சலி செலுத்தினோம். இளவட்டங்கள் கொசுவோடு செல்ஃபி எடுத்தார்கள். எனக்கு ஒரு சால்வை கொடுத்தார்கள். போட்டுக்கொண்டேன்.

நீரூற்று அன்றைக்கு மட்டும் ஓடியது. தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது. கொசு ஒழிப்புப் பிரிவே சோதனைக்கு வந்தது. இது யார் இடம் என்று டீக்கடை ராசாங்கத்தைக் கேட்டார்கள். காசிநாதனோடது என்றார் அவர். அங்கேயே நோட்டீஸ் எழுதிப் பளிங்கின்மேல் ஒட்டிவிட்டுப் போனார்கள். 'உயர்திரு காசிநாதன் அவர்கள், கொசு வளர்த்தமைக்காக நேரில் ஆஜராகவும். தண்ணீர் அகற்றப்பட்டதும் இந்நோட்டீஸ் அகற்றப்படும்.'

கிழிக்கப் போனேன். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

"கிழிக்காதீங்க கொழுந்தனாரே. பேரு சரியா இருக்கு. 'உயர்திரு'ன்னு வேற போட்டிருக்காங்க."

மறுநாள் ஊர் கூடி நோட்டீஸுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி, மாலையும் போட்டது. தண்ணீரை மட்டும் யாரும் இறைக்கவில்லை. இறைத்தால் பேர் போய்விடும்.

இப்போது பாதி ஊருக்குக் காய்ச்சல். கடிப்பது உள்ளூர்க் கொசுதான். எல்லாரும் கண்ணால் பார்த்தாயிற்று. ஆகவே எங்களில் யாருக்கும் கல் கிடையாது.