வாய்க்கு வராத பேரு

என் மகளுக்கு அம்மாவின் பெயரைத்தான் வைப்பேன் என்று அம்மாவின் குழிமேட்டில் நின்று சபதம் செய்தேன். அப்போது மகள் பிறந்திருக்கவில்லை. பிறக்கப்போவது மகள்தான் என்றும் தெரியாது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. சபதம் செய்ய அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். முக்கியமாக, பெண்டாட்டி பக்கத்தில் இல்லை.

அம்மா பெயர் காளியாயி. றொசல்ல ரயில் ஸ்டேஷனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா அங்கே கொழுந்து பறித்தாள். போன ஐப்பசியில் ஒருநாள் மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்தது. மற்றவர்கள் ஓடினார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் பெயர் கேட்டார்.

"காளியாயி."

"காலியா? அவ்வளவு தூரத்திலிருந்தா கொண்டு வர்றீங்க?"

"ஊரு இல்லைங்க ஐயா, பேரு. காளி... யாயி."

"யாயியா, ஆயியா?"

நான் எழுத்துக் கூட்டிச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா போய்விட்டாள். கடைசி நேரத்தில்கூட அவள் பெயரை யாரும் ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அதனால்தான் அந்தச் சபதம். இந்தப் பூமியில் இன்னொரு காளியாயி நடமாட வேண்டும். அவளுடைய பெயரை எல்லோரும் சரியாகச் சொல்ல வேண்டும்.

தை மாதம் மகள் பிறந்தாள். அப்படியே அம்மாவின் மூக்கு. எனக்குப் பாதி வேலை முடிந்தது போலிருந்தது.

மீதிப் பாதி கிருஷாந்தி. என் மனைவி. தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். அங்கே படிக்கிற பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டால் நமக்கே நாக்கு சுளுக்கிக்கொள்ளும். டிலுக்ஷிகா, க்ரித்விஷ், யதுர்ஷ்னா, ஹெஷ்வின். அவள் காலையில் பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். நம் வீட்டிலாவது ஒரு மனுஷப் பேராக வைக்கலாம் என்று, பிள்ளை தூங்குகிற நேரமாகப் பார்த்துப் பேச்சை எடுத்தேன்.

"பிள்ளைக்குப் பேரு யோசிச்சியா?"

"யோசிச்சாச்சு."

"என்ன?"

"ஜ்யோக்ஷ்விதா."

"தலையை நல்லாத் துவட்டு. பச்சை உடம்பு, சளி பிடிச்சிரும்."

"தும்மலைங்க. அதுதான் பேரு."

நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இங்கிலீஷ்ல எப்படி எழுதுவ?"

"ஜே, வை, ஓ, எக்ஸ், வீ, ஐ, டீ, எச், ரெண்டு ஏ."

"எதுக்கு ரெண்டு ஏ?"

"ஒண்ணு பேருக்கு. ஒண்ணு நம்பருக்கு. எண் கூட்டிப் பாக்கணும்ல."

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"பேருக்கு எதுக்குங்க அர்த்தம்? பிரதாப்புன்னா என்ன அர்த்தம்?"

பிரதாப் நான்தான். வீரம், புகழ் என்று ஏதோ அர்த்தம் இருப்பதாகக் கேள்வி. அந்த நேரத்தில் அதைச் சொன்னால் அவள் சிரிப்பாள் என்பதால் விட்டுவிட்டேன்.

"அம்மா பேரைத்தான் வைக்கணும் கிருஷாந்தி. காளியாயி. நான் முடிவு பண்ணிட்டேன்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கோபமில்லை. கோபமாக இருந்தால் எனக்குப் பழக்கம், சமாளித்திருப்பேன்.

"அந்தப் பேரு வேணாங்க."

"ஏன்? எங்க அம்மா பேரு உனக்கு அசிங்கமா இருக்கா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"பின்னே?"

"வேணாங்க."

எழுந்துபோய் அடுப்பை ஊதினாள். வீடெல்லாம் புகை. அதில் அவள் கண் கலங்கியது புகையாலா வேறெதனாலா என்று நான் பார்க்கவில்லை. என் மூளை வேறு வேலையில் இறங்கிவிட்டது. எண் கூட்டிப் பார்க்க வேண்டும் என்றாளே, அதிலேயே ஒரு வழி இருந்தது.

எனக்கு ஹட்டன் டவுனில் ஹாட்வெயார் கடையொன்றில் வேலை. அங்கே சீமெந்து மூட்டை இறக்குகிற வீரய்யா அண்ணனுக்குத் தெய்வீகமான குரல். சுற்றுவட்டாரத்துத் தோட்டத் திருவிழாக்களில் எல்லாம் மைக் பிடிப்பது அவர்தான். அவரைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் எண் சோதிடரா?" என்றார் அண்ணன்.

"வலப்பனைச் சாமி. போன்ல மட்டும் பலன் சொல்றவரு. நேர்ல யாரையும் பாக்கமாட்டாரு."

"ஏன் பாக்கமாட்டாரு?"

"பாத்தா நீங்கன்னு தெரிஞ்சிரும் அண்ணே."

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பெயர் 'கா'வில் தொடங்க வேண்டும், 'யி'யில் முடிய வேண்டும், செத்துப்போன பெரியவர் ஒருவருடைய பெயராக இருக்க வேண்டும், தகப்பன் போய்த்தான் பதிய வேண்டும். நாலே விஷயம். அண்ணன் இரண்டு தரம் ஒப்பித்துக் காட்டினார்.

வலப்பனைச் சாமியிடம் கேட்கலாம் என்றதும் கிருஷாந்தி உடனே சம்மதித்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவள் உடனே சம்மதித்ததில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தாயே!" என்றது போன். தகரக் கூரை அதிர்ந்தது. "உன் பிள்ளைக்குக் 'கா'வில் தொடங்கி 'யி'யில் முடிகிற பெயர்தான் பொருந்தும்! மறைந்த மூத்தோர் பெயர்!"

"அப்படிங்களா சாமி? அப்ப இவங்க அம்மா பேரேதான்."

"காளியாயி!" என்றது போன், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

நான் இருமினேன். கிருஷாந்தி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அம்மா பேரு உங்களுக்கு எப்படிங்க சாமி தெரியும்?"

போனில் கொஞ்ச நேரம் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.

"எண் சொல்லுது தாயே."

"சரிங்க சாமி. பதியிறதுக்கு யாரு போகணும்?"

"தகப்பன்!"

"இவருக்கு அட்டமத்துச் சனி நடக்குதாம் சாமி. சனி பிடிச்சவரு கையால பதிஞ்சா பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதே?"

இது நாங்கள் ஒப்பித்துப் பார்க்காத கேள்வி. நான் கையை ஆட்டினேன். போனுக்கு என் கை தெரியாது.

"ஆகும்..." என்றார் சாமி. "ஆகாது. அதாவது, போகக்கூடாது."

"அப்ப நான் போறேன். இவரு வீட்டுல மௌன விரதம் இருந்தா தோஷம் கழியுமா சாமி?"

"கழியும் தாயே."

"விளக்கு வைக்கிற வரைக்கும் இருந்தாப் போதுமா?"

"போதும் தாயே."

"நடுவுல பேசினா?"

சாமி மூச்சு வாங்கினார். ஒரு மூட்டையை இறக்கிவிட்டு வந்தது போல வாங்கினார்.

"பிள்ளைக்கு ஆகாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் கடையில் அண்ணனைப் பிடித்தேன்.

"என்ன அண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நான் என்ன தம்பி செய்யிறது? மைக்ல பேசுறப்ப யாரும் திருப்பிக் கேள்வி கேக்கமாட்டாங்க."

போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். யார் போய்ப் பதிந்தால் என்ன? பெயர் காளியாயிதானே. அவள் வாயாலேயே 'சரிங்க சாமி' என்று சொல்லிவிட்டாளே.

பதியப்போன அன்றைக்கு விடியும்போதே பனிப்புகையாக மிஸ்டு மூடியிருந்தது. எதிர் லயத்து வீடுகள்கூடத் தெரியவில்லை. கிருஷாந்தி குடையை எடுத்துக்கொண்டு, "பேசிராதீங்க. பிள்ளைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். நான் வாயை மூடிக்கொண்டேன். பொய்ச் சாமி சொன்னதுதான், அந்தச் சாமிக்குத் தேத்தண்ணி வாங்கிக்கொடுத்தவனே நான்தான். ஆனாலும் பிள்ளைக்கு ஆகாது என்று ஒருவர் சொல்லிவிட்ட பிறகு, சொன்னவர் சீமெந்து மூட்டை தூக்குகிறவராக இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது. ஒரு சாவு பார்த்த வீடு.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தார். அம்மாவும் அவரும் எப்போதும் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் கொழுந்து பறிப்பார்கள். குளவி கலைந்த அன்றைக்கு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தவர். அவர் கன்னத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது.

"என்ன தம்பி, ரொட்டி சுடட்டா?"

தலையாட்டினேன்.

"சம்பலா, பருப்பா?"

இதற்குத் தலையாட்டி என்ன பயன்? அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாவம்" என்றார். பிறகு இரண்டும் இல்லாமல் வெறும் ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

பிள்ளை அழுதது. தாலாட்ட முடியவில்லை. "ஓ ஓ" என்றுகூடச் சொல்ல முடியவில்லை. சுவரில் அம்மாவின் படம். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. அதைப் பார்த்து, மனதுக்குள்ளே, 'இன்றைக்கு வைத்துவிடுவோம் அம்மா' என்றேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

மூன்று மணி போல கிருஷாந்தி நனைந்து வந்தாள். பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள்.

"பதிஞ்சாச்சுங்க."

பெயரைக் கேட்க வேண்டும், ஆனால் பேசக்கூடாது. நாக்கை வெளியே நீட்டி, கண்ணை உருட்டி, கையில் சூலம் பிடித்தது போல நின்று காட்டினேன்.

"காளியாயியா? இல்லீங்க. ஜ்யோக்ஷ்விதா."

நாக்கு நீட்டியபடியே நின்றது. பிறகு உள்ளே இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"ஷ்! பிள்ளைக்கு ஆகாது."

மூடினேன்.

"வீரய்யா அண்ணனுக்கு நல்ல குரலுங்க. போன திருவிழாவுல என் செருப்புக் காணாமப்போனப்ப மைக்ல மூணு தரம் சொன்னாரு. அந்தக் குரலை மறக்க முடியுமா?"

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவளும் ஈரச் சேலையோடு எதிரே உட்கார்ந்தாள். இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

"நீங்க பேசாம இருக்கிற ஒரே நாளு இதுதான். இன்னைக்கே சொல்லிர்றேன். இந்தப் பேரை நான் மட்டும் வைக்கலை. உங்க அம்மாவும் நானுந்தான் வச்சோம். நான் முழுகாம இருந்தப்ப ஒருநாள் மாமி மலையிலிருந்து வந்து கூடையை இறக்கிட்டுச் சொன்னாங்க: 'பொம்பளைப் பிள்ளை பொறந்தா, மலையில நின்னு கத்திக் கூப்பிட முடியாத பேரா வையி. என் பேரைக் கங்காணி அந்த மலையில நின்னு கூப்பிட்டா இந்த மலைக்குக் கேக்கும். காளியாயீ, ஏய் காளியாயீன்னு. அதைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சிருச்சு. என் பேத்திப் பேரை எவனும் அப்படிக் கூப்பிடக்கூடாது'ன்னாங்க."

பிள்ளை அவள் மடியில் கைகால் உதறிக்கொண்டிருந்தது.

"நான் ஒவ்வொரு பேரா சொல்லிப் பாத்தேன். எல்லாத்தையும் அவங்க வாசல்ல நின்னு கத்திப் பாத்தாங்க. சுலக்ஷனாவைக் கத்திட்டாங்க. பிரேமினி, அதையும் கத்திட்டாங்க. ஜ்யோக்ஷ்விதான்னு சொன்னேன். வாயைத் திறந்தாங்க, சத்தம் வரலை. திரும்பத் திறந்தாங்க. அப்புறம் சிரிச்சுக்கிட்டு, 'எனக்கே வரலை, கங்காணிக்கு எங்க வரப்போவுது? இதையே வையி'ன்னாங்க."

நான் படத்தைப் பார்த்தேன். அம்மாவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கையால் கேட்டேன்.

"'அவன்கிட்டச் சொல்லாத. சொன்னா யோசிப்பான். அவன் யோசிச்சா எதுவும் உருப்படாது'ன்னு மாமிதான் சொன்னாங்க. அவங்க போனதுக்கு அப்புறம் நீங்க அவங்க பேரு பேருன்னு அழுதீங்க. அவங்களுக்கே அந்தப் பேரு பிடிக்கலைன்னு உங்ககிட்ட எப்படிங்க சொல்லுவேன்?"

அவள் அழுதாள். நானும் அழுதேன். அவள் சத்தம் போட்டு அழுதாள். எனக்கு அதுவும் தடை. மழை குறையவேயில்லை. தகரத்தில் அது போட்ட இரைச்சலில் அவள் அழுததும் லயத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

இருட்டத் தொடங்கியதும் கிருஷாந்தி சாமிப் படத்துக்கு விளக்கு வைத்தாள்.

"இப்பப் பேசலாம். எங்க, பிள்ளையைப் பேரு சொல்லிக் கூப்பிடுங்க பாப்போம்."

தொண்டையைக் கனைத்தேன். "ஜோ" என்றேன். "ஜொக்கு" என்றேன். "ஜியோ... ஜியோசு..." பிள்ளை என்னைப் பார்த்தது. பயந்து வீறிட்டு அழத் தொடங்கியது. நான் விடவில்லை. "ஜிவக்ஷி" என்றேன். அழுகை கூடியது. கிருஷாந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காத. யாருக்கு இது வாயில வரும்? இந்தத் தோட்டத்துல ஒரு ஆளைக் காட்டு."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாக்கண்ணு அக்காவின் குரல் வந்தது. அம்மாவோடு சேர்ந்து கொழுந்து மலையில் மாதக்கணக்காகச் சொல்லிப் பழகிய குரல் என்று பிறகுதான் தெரிந்தது.

"ஏந்தம்பி, ஜ்யோக்ஷ்விதா இம்புட்டு அழுவுறாளே, ஜ்யோக்ஷ்விதாவைத் தூக்கத் தெரியாதா ஒனக்கு?"