தொப்பி இறங்கியது, தொப்பை இறங்கவில்லை

உக்கடம்,
கோவை.

மரியாதைக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பாசத்துக்கும் உரிய ரசாக் மாமா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு தாங்கள், மாமி, கல்யாணப் பெண் ஹிபா அக்கா, தங்கள் தையல் மெஷின் அனைவரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். அத்தாவை நலத்தில் சேர்க்காதது மறதியால் அல்ல. போனில் சொல்லலாமென்றால் ஸ்பீக்கரில் போடு என்பார். ஆகவே நீங்கள் பிரியாணி கொடுத்தனுப்பிய தூக்குப்போசியைக் கழுவி, அதற்குள் இதை வைத்து உடுமலை பஸ்ஸில் அனுப்புகிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று நீங்கள் கோட்டுக்கு அளவெடுத்தது ஞாபகம் இருக்கும். டேப் அத்தாவின் வயிற்றைச் சுற்றி ஊர் திரும்பி வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் சிரித்துவிட்டார்கள். உடனே அத்தாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, “மச்சான், மூணு இன்ச் குறைச்சே தெச்சுப்போடுங்க. நான் கோட்டுக்குள்ள வந்து சேர்ந்துக்கறேன். சேரலைன்னா மேடையே ஏறமாட்டேன்” என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். மேடையில் முஸ்தபா மாமா இல்லையென்றால் எனக்குப் போட்டோவே வேண்டாம் என்று ஹிபா அக்கா அழுததும் உங்களுக்குத் தெரியும்.

மறுநாளே பெரியகுளத்துக் கரையில் நடை தொடங்கியது. துணைக்கு எதிர்வீட்டு அரங்கசாமி அங்கிள். கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்பதால் விசில் ஊதினால்தான் நடப்பார், விசில் ஊதினால்தான் நிற்பார். முதல் வாரம் அத்தாவுக்கு மூச்சு இளைத்ததே தவிர உடம்பு இளைக்கவில்லை. இரண்டாம் வாரம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, பெஞ்சைக் கண்டால் ஸ்டாப்பிங் வந்துவிட்டது என்று உட்கார்ந்தார். காலைச் சாப்பாட்டை நிறுத்தினால் சீக்கிரம் இளைக்கலாமென்று யாரோ சொல்ல, அதையும் நிறுத்தி, காந்திபுரத்தில் எங்கள் கடையில் ஒரு சூட்கேஸுக்கு விலை சொல்லிக்கொண்டே அதன்மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டார். வாங்க வந்தவர் பாவம், எழுப்ப மனமில்லாமல் காத்திருந்தாராம்.

அப்புறம் இளைத்தாரே, அங்கேதான் வினை. எடை குறைந்தது, இடை குறையவில்லை. கன்னம் போனது, கழுத்து போனது, வாட்ச் முழங்கை வரைக்கும் போய் வந்தது. தொப்பி காதுவரை இறங்கியது, தொப்பை இருந்த இடத்திலேயே இருந்தது. சட்டைக்கு மேலே தெரிகிற பாகம் மட்டும் இளைத்தால் தெரு என்ன நினைக்கும்? முஸ்தபா பாய்க்கு ஏதோ பெரிய வியாதி, வீட்டில் மறைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டது. நோயாளியை விசாரிக்கப் போனால் நன்மையாச்சே, மொத்தத் தெருவும் நன்மை சேர்க்கக் கிளம்பிவிட்டது. வெறுங்கையோடு வருகிற பழக்கம் நம் ஊருக்குத்தான் இல்லையே மாமா. தேங்காய் பன் வந்தது, வர்க்கி வந்தது, ஆட்டுக்கால் சூப் வந்தது. கீழ்வீட்டு ராசாத்தாள் அக்கா நெய் மிதக்கிற அரிசிம்பருப்புச் சாதத்தோடு வந்து, தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அத்தா எத்தனையோ சொல்லிப் பார்த்தார். அந்த அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க சின்னய்யனும் கடைசிவரைக்கும் இப்படித்தானுங்க சொல்லீட்டிருந்தாரு” என்று கண்ணைத் துடைத்ததும், அத்தா பயந்துபோய் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கொண்டுவந்தவங்க மனசு கோணக்கூடாதாம். காலையில் கரையில் கரைப்பதையெல்லாம் சாயங்காலம் நம் ஊர் மரியாதை திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இந்த நேரத்தில்தான் உங்கள் பிரியாணியும், “ஒடம்பைத் தேத்துங்க மச்சான்” என்ற சீட்டும் வந்து சேர்ந்தன.

ஆகவே என் பணிவான விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு விசாரிக்க வருவதாக இருக்கிறீர்களாம், தயவுசெய்து வராதீங்க. கோட்டையும் இப்போதைக்கு அனுப்பாதீங்க. மாட்டிப் பார்த்து, பட்டன் சேரவில்லையென்றால் அத்தா மனசு விட்டுவிடுவார், நடையும் நின்றுவிடும். எல்லாவற்றையும் கேலி செய்கிறேன் மாமா. ஆனால் எங்கள் மாடிப்படியில் பாதி ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, போன் பார்க்கிற மாதிரி அத்தா நிற்பாரே, அதை மட்டும் எனக்குக் கேலி செய்ய வரவில்லை.

மாமிக்கு சலாம். ஹிபா அக்காவுக்கு முத்தம். தங்கள் ஊசிக்கு நூலும், எனக்குத் தங்கள் துஆவும் என்றும் தீராதிருக்கட்டும்.

தங்கள் அன்பு மருமகள்,
அஃப்ஷீன்

பின்குறிப்பு: போசியை மூடப் போகும்போது பார்சலில் கோட் வந்துவிட்டது. அத்தா ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா கதவில் காது வைத்தார், நான் அம்மா மேல் காது வைத்தேன். வெளியே வந்தவர் மேல் கோட் தொளதொளவென்று தொங்குகிறது. “சாஜிதா, இதைப் புடிச்சுத் தெக்கோணுமாட்ட இருக்குது” என்று அம்மாவிடம் சொன்னார், மாப்பிள்ளைக் குரலில். கழற்றிவைத்த நேரத்தில் அம்மாவின் டேப்பை எடுத்து நான் அளந்தேன் மாமா. குறைக்கச் சொன்ன மூன்று இன்ச்சைத் தாங்கள் கூட்டியிருக்கிறீர்கள்.

எனவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாங்க. பிரியாணியை அத்தா கண்ணில் படாமல் கீழே ராசாத்தாள் அக்கா வீட்டிலேயே இறக்கிவிடுங்க, அது நான் வாய் திறக்காமல் இருப்பதற்குக் கூலி. அத்தா திரும்பக் கோட்டை மாட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே சாயங்கால நடைக்கும் கிளம்பிவிட்டார். பின்னாலேயே அரங்கசாமி அங்கிள் விசில் ஊதிக்கொண்டு ஓடுகிறார். வரும்போது உங்கள் டேப்பை மட்டும் உடுமலையிலேயே மறந்து வைத்துவிட்டு வாங்க.