அக்காவின் உயரம் 1562

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
21-6-1964

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் பரசுராமன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கை அலமு கைகூப்பி எழுதிக்கொள்வது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் இவ்விடம் அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். தையல்நாயகி அக்காவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மற்றதைக் கீழே எழுதுகிறேன். திருச்சியில் தங்கள் தொழிற்சாலையும், தாங்கள் படம் வரைகிற பலகையும், மெஸ் சாப்பாடும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். மரியாதை முடிந்தது. இனி விஷயம்.

இன்று காலை முதலில் என் கண்ணில் பட்டது கல்யாணத் தரகர் வீரபத்திரனின் செருப்பு. அவர் அதைக் கழற்றவில்லை. எப்போதும் வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, "காபித்தண்ணி இருக்குதாமா?" என்று கேட்டுக்கொண்டே தறி வரைக்கும் வந்துவிடுகிற மனிதர், இன்று படிக்குக் கீழேயே குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அம்மா, "உள்ள வாங்க" என்றாள். "வர்றதுக்கு இன்னா இருக்குது பூவம்மா, கூரத்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேணாம்னுட்டாங்க" என்றார் அவர். அப்பா தறியை நிறுத்தினார். அக்கா நிறுத்தவில்லை. அவள் பக்கத்துத் தறியில் ஊடைநூல் ஓட்டுகிற நாடாவை விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தாள், ஆனால் அதில் நூல் தீர்ந்து போய் வெறும் நாடா ஓடிக்கொண்டிருந்ததை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

இதெல்லாம் தங்களுடைய சித்திரை மாதத்துக் கடிதத்தில் ஆரம்பித்தது. நாட்டில் மெட்ரிக் அளவு வந்துவிட்டது, இன்னும் அடி, அங்குலம், கஜம், வீசை என்று பேசிக்கொண்டிருந்தால் உலகம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும், மாப்பிள்ளை தனசேகரன் மின்சார ஆபீசில் வேலை செய்கிறவர், அவர் வீட்டுக்குப் போகும் ஜாதகத்தோடு அக்காவின் உயரத்தைச் சென்டிமீட்டரில்தான் எழுதி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டு, பெருக்குவதற்கு ஒரு வாய்ப்பாடும் வைத்து அனுப்பினீர்கள். உலகம் இதுவரை பிள்ளையார்பாளையத்துப் பக்கம் திரும்பிப் பார்த்ததே இல்லை, சிரிப்பதற்கு அதற்கு எங்கே நேரம்? ஆனாலும் படித்த பிள்ளை சொல்கிறானே என்று அம்மா மறுநாளே காய்க்காரியிடம் போய், "அரை சென்டிமீட்டர் கத்தரிக்காய் குடு" என்று கேட்டாள். அவள் ஒரு கத்தரிக்காயை நகத்தால் கிள்ளி அம்மா உள்ளங்கையில் வைத்து, "பையில போட்டுக்கறியா, முந்தானையில முடிஞ்சிக்கறியா?" என்றாளாம். அன்றிலிருந்து அம்மா கூறு கட்டி விற்கிற இடத்தில்தான் காய் வாங்குகிறாள்.

அப்புறம் அக்காவை அளந்தோம். அளந்தது அப்பா. எதை வைத்து அளந்தார் என்று கேளுங்கள். தறியில் புடவை அளக்கிற கஜக்கோலை வைத்து. அக்காவைத் தறிக்கம்பத்தோடு சேர்த்து நிற்க வைத்து, கீழேயிருந்து கோலைப் போட்டு, ஒன்றரைக் கஜமும் அஞ்சு அங்குலமும் என்று கம்பீரமாகச் சொன்னார். நான் அதைக் கஜத்துக்கு முப்பத்தாறு என்று அங்குலமாக்கி, ஐம்பத்தொன்பது வந்து, தங்கள் வாய்ப்பாட்டின்படி இரண்டு புள்ளி ஐந்து நான்கால் பெருக்கினேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குப் புள்ளி வைத்த பெருக்கல் எவ்வளவு பாடு என்று பெருமாளுக்குத்தான் தெரியும். நூற்று நாற்பத்தொன்பதும் சில்லறையும் வந்தது. சில்லறையை விடுவானேன் என்று நூற்றைம்பதாக்கினேன். அக்கா கல்யாணத்துக்கு நான் செய்த சீர் அது ஒன்றுதான்.

அந்த நூற்றைம்பது கூரத்துக்குப் போயிற்று. அங்கே மாப்பிள்ளையின் அம்மா காமாட்சியம்மாள் வீட்டில் கணக்கெல்லாம் அவர் கையில்தானாம். அவர் வாய்ப்பாட்டைத் தேடவில்லை. "மீட்டர்னா நம்ம கஜந்தானே, ஜவுளிக்கடையில அப்டித்தானே கிழிச்சிக் குடுக்கறான்? ஒன்றரை மீட்டர்னா ஒன்றரைக் கஜம், ஒன்றரைக் கஜம்னா நாலரை அடி" என்று விரல் விட்டுச் சொல்லிவிட்டு, "என் பிள்ளை அஞ்சடி எட்டு அங்குலம். தாலி கட்டணும்னா மணையில உக்காந்துக்கினு இருந்தாகூடக் குனியணும்போலக் கீதே" என்றாராம். வீரபத்திரன் வந்து இதை நடித்துக் காட்டினார். அன்றைக்குச் செருப்பைக் கழற்றியிருந்தார், காபியும் குடித்தார்.

அம்மா ஓடிப்போய் அடுத்த வீட்டுத் தையல்காரரிடம் டேப் வாங்கி வந்து அக்காவை அளந்தாள். ஐந்தடி ஒன்றரை அங்குலம். திரும்பவும் அளந்தாள், திரும்பவும் அதேதான். இரண்டரை அங்குலம் எங்கே போயிற்று என்று அப்பாவைக் கேட்டால் அவர் கோபப்படுகிறார்.

"கோல்ல தப்பே இல்ல. தறியில இருக்கறப்ப புடவை விறைப்பா இழுத்துக்கினு நிக்கும், அறுத்து எறக்கினா சுருங்கும். முதலாளிகிட்ட அளவு கொறையக் கூடாதுன்னுதான் கஜத்துக்கு ரெண்டு விரல் கூட வெச்சி அந்தக் கோலை வெட்டி வெச்சிருக்கேன். உனக்குத் தெரியாதா?"

"என் பொண்ணு இன்னா புடவையா, சுருங்கறதுக்கு?"

"நான் எங்க சுருங்கும்னேன்? கோலு நீளம், அதனால பொண்ணு கொறைஞ்சுது. கோலுக்கு இன்னா தெரியும், எதிர்ல நிக்கறது பொண்ணா புடவையான்னு?"

"கோலுக்குத் தெரியாது, சரி. பிடிச்சவருக்கு?"

அப்பா தறியில் இறங்கிவிட்டார். கோலில் இரண்டரை அங்குலம், காமாட்சியம்மாளின் ஜவுளிக்கடைக் கணக்கில் ஐந்து அங்குலம், இப்படி ஆளுக்குக் கொஞ்சமாக அக்காவை நறுக்கியாகிவிட்டது. சரி, இதோடு நின்றிருந்தால் வீரபத்திரனை அனுப்பி நேரில் சொல்லச் சொல்லியிருப்போம், ஒரு காபியோடு முடிந்திருக்கும். என் புத்தி, உங்களுக்கு எழுதினேன். ஐந்தடி ஒன்றரை அங்குலம், என்ன செய்வது என்று யோசனைதான் கேட்டேன். நீ யோசனை சொல்லவில்லை. நேராகக் கூரத்துக்குத் தந்தி அடித்தாய். (நீங்கள் என்று எழுதி இதற்கு மேல் ஓட்ட முடியாது, மன்னித்துக்கொள்.)

அண்ணா, கிராமத்தில் தந்தி வந்தால் என்ன அர்த்தம் என்று திருச்சிக்குப் போனதும் மறந்துவிட்டதா? தந்திக்காரன் சைக்கிளை நிறுத்தியதுமே காமாட்சியம்மாள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "ஐயோ என் தம்பி!" என்று ஆரம்பித்துவிட்டாராம். எந்தத் தம்பி என்று கூடத் தெரியாமல் தெருவே கூடி அழுதிருக்கிறது. பெரிய தம்பி கழனியில் இருந்து ஓடிவந்து, தான் செத்ததற்குத் தானே அழத் தயாராகி நின்றாராம். ஒருவழியாகத் தந்திக்காரனையே படிக்கச் சொன்னால், "தையல்நாயகி உயரம் 1562 திருத்திக்கொள்ளவும்" என்று இருக்கிறது. அவ்வளவுதான். அது சென்டிமீட்டரா, சேரா, பக்காப்படியா, ஒரு வார்த்தை கிடையாது! ஏன் போடவில்லை என்று நான் கேட்டு எழுதியதற்கு நீ எழுதிய பதிலை இன்னொரு தடவை நீயே படித்துப் பார். எங்கள் தொழிற்சாலையில் எல்லாப் படமும் மில்லிமீட்டரில்தான் போடுவோம், ஆகையால் யாரும் அளவின் பெயரை எழுதுவதில்லை, பார்த்ததுமே புரிந்துகொள்வார்கள் என்கிறாய். யாருக்குப் புரியும்? உன் மேஸ்திரிக்குப் புரியும். அக்கா என்ன உன் பலகையில் போட்ட போல்ட்டா?

முதல் காகிதத்தில் நூற்றைம்பது சென்டிமீட்டர் என்று இருந்ததால் இதையும் சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வைக்காமல் என்ன செய்வார்கள்? காமாட்சியம்மாள் மறுபடியும் விரல் விட்டிருக்கிறார். பதினைந்து மீட்டருக்கு மேலே, பதினைந்து கஜத்துக்கு மேலே, அதாவது நாற்பத்தைந்து அடிக்கும் மேலே. "போன வாரம் நாலரை அடி, இந்த வாரம் நாப்பத்தஞ்சு. எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுக்கறாங்களா, கொடிமரம் நடறாங்களா? தேர்க் கலசத்தை ஏணி இல்லாம தொடைக்கலாமே இந்தப் பொண்ணு! ஒண்ணு, அவங்களுக்குக் கணக்குத் தெரியல, இல்ல, எங்களைப் பார்த்துக் கேலி பண்றாங்க. ரெண்டுமே ஆவாது" என்று சொல்லிவிட்டாராம். இதைத்தான் இன்று காலையில் வீரபத்திரன் செருப்போடு நின்று சொன்னார்.

அப்பா நேரில் போய்ச் சொல்லக் கூடாதா என்பாய். கூரம் ஒன்றும் காசி இல்லை, பஸ் இருக்கிறது. ஆனால் அழைக்காமல் பெண் வீட்டார் போய் வாசலில் நிற்பதாவது என்று அப்பா உட்கார்ந்திருக்கிறார். அவர்களும் வர மாட்டார்கள். காகிதத்தில் எல்லாம் ஒத்துப் போன பிறகுதான் பெண் பார்க்க வருவது வழக்கம், வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றால் பெண்ணுக்குப் பேர் கெட்டுவிடும். ஆகவே அக்கா இங்கே முழுசாக உட்கார்ந்திருக்க, அவளைப் பற்றிய எண்கள் மட்டும் கூரத்துக்கும் திருச்சிக்கும் போய் வந்துகொண்டிருக்கின்றன.

உனக்கு ஒரு விஷயம் தெரியாது. அக்கா தனசேகரனைப் பார்த்திருக்கிறாள். மாசி மாதம் நம் தெரு விளக்குக் கம்பத்தில் ஏறி ஒயர் மாற்றினது அவர்தான். கீழே இறங்கித் தண்ணீர் கேட்டார், அக்காதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு சொம்பு தண்ணீரை அவ்வளவு நேரம் குடித்த ஆளை நான் பார்த்ததில்லை. பதினைந்து நாளில் வீரபத்திரன் ஜாதகம் கேட்டுக்கொண்டு வந்தார். அக்கா உயரம் தனசேகரனுக்கு நன்றாகவே தெரியும், அண்ணா. ஆனால் அதை அவர் தன் அம்மாவிடம் எப்படிச் சொல்வார்? தண்ணி குடிக்கப் போன எடத்துல பொண்ணை அளந்துட்டு வந்தியாடா என்று கேட்க மாட்டார்களா? அக்காவும் வாயைத் திறக்க மாட்டாள். மத்தியானம் நூல் சுற்றும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "அலமு, வேற எங்கியும் எனக்குப் பார்க்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடு." நான் சொல்லவில்லை. உனக்குத்தான் சொல்கிறேன்.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும் லீவு போட்டுவிட்டுப் புறப்படு. மெட்ராஸில் நிற்காதே, சட்டை தைக்கிறேன் என்று தங்காதே. நேராகக் கூரம் போய், காமாட்சியம்மாள் காலில் விழுந்து, கணக்கில் தப்பு என்னுடையதுதான், என் தங்கை சாதாரணப் பெண் என்று வாயால் சொல். பேப்பரை எடுக்காதே. பென்சிலைத் தொடாதே. தனசேகரன் வீட்டில் உனக்கு எத்தனை இட்லி வேண்டும் என்று கேட்டால்கூட எண்ணைச் சொல்லாதே, போதும் என்று மட்டும் சொல். இது நடக்கிற வரைக்கும் நான் உன்னோடு பேசுவதாக இல்லை. ஏற்கெனவே நான் யாரோடும் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பாய். அதிலும் குறைத்துக்கொள்வேன்.

அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், ஆனால் கோபத்தோடு. அம்மா வாரம் ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள், கோபம் இல்லாமல். உலகளந்த பெருமாள் உனக்கு நல்ல புத்தியையும், அந்தப் புத்திக்குப் பக்கத்தில் அளவின் பெயரையும் கொடுக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கை,
மு. அலமு

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை எடுக்க எழுந்தேன். வாசலில் கனத்த உடம்போடு ஓர் அம்மாளும், பின்னால் என் வயசில் ஒரு பெண்ணும். "புடவை பார்க்க வந்தோம்" என்றார். "நாங்க கூலிக்கு நெய்யறவங்க, இங்க விக்கறதில்லம்மா" என்றாள் அம்மா. "சும்மா பார்க்கறதுக்கு இன்னா?" என்று அவரே உள்ளே வந்து, தறியைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார். அக்கா குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள் அல்லவா, இடுப்புக்கு மேலேதான் தெரிந்தது. அந்த அம்மாள் முகம் விழுந்துவிட்டது. "அடக் கடவுளே, நாலரை அடிகூட இல்லியே!" என்றார். அப்போதுதான் எங்களுக்கு வந்திருப்பது யார் என்று புரிந்தது. நாற்பத்தைந்து அடிப் பெண்ணைப் பார்க்காமல் அவருக்கு ஐந்தாறு நாளாகச் சோறு இறங்கவில்லையாம்.

அக்கா பதறி எழுந்தாள். குழியிலிருந்து ஒரு காலை வைத்து, இன்னொரு காலை வைத்து, மேலே ஏறி நிமிர்ந்தாள். காமாட்சியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தி, உள்ளங்கையை அக்கா தலையிலிருந்து அப்படியே தன் காதுக்குக் கொண்டுபோனார். "என் காது வரைக்கும் வர்றா. என் வீட்டுக்காரர் செத்த நாளா நான் சொல்றது யார் காதிலயும் விழல, இனிமே இவ காதுல விழும். ஆவணியில முகூர்த்தம் பாருங்க" என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அப்பா எதையாவது அளக்கலாமா என்று கேட்டார், அம்மா பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட உள்ளே போனாள்.

ஆகையால் அண்ணா, மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே. லீவு போடாதே, ஆவணிக்கு வைத்துக்கொள். யார் காலிலும் விழ வேண்டாம். சட்டை தைத்துக்கொள், நல்லதாகவே தைத்துக்கொள், காரணம் இதுதான்: காமாட்சியம்மாள் கூட வந்த பெண் அவர் மகள் வள்ளி. என்னைப் போலவே கதவுக்குப் பின்னால் நிற்கிற பெண், ஆனால் தந்தி விஷயம் பேசும்போது வாயைப் பொத்திக்கொண்டு அவ்வளவு சிரித்தாள். புறப்படும்போது காமாட்சியம்மாள் என்னைத் தேடிப் பிடித்து, "ஏம்மா, அந்தத் தந்தி அடிச்ச புத்திசாலிக்குக் கல்யாணம் ஆவலையாமே? அவன் எவ்ளோ உயரம்?" என்று கேட்டார்.

நான் எண் எதுவும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, கையைத் தூக்கி, என் தலைக்கு மேலே இவ்வளவு என்று காட்டினேன்.